நோயாளி தேவை: முன்அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை

எங்கள் ஊரில் நூறு நாள் வேலைக்கு ஆளே வராத நாள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு உண்டு. தீமிதியா, குலதெய்வத்துக்குக் கிடா வெட்டா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அதெல்லாம் இல்லை, பல் மருத்துவக் கல்லூரியில் இன்ஸ்பெக்‌ஷன். காலை ஆறரைக்கே கல்லூரிப் பேருந்து பிள்ளையார் கோயில் வேப்பமரத்தடியில் வந்து நின்றுவிடும். முன்படியில் தொங்கிக்கொண்டு வருபவருக்குக் கல்லூரி கொடுத்திருக்கும் பட்டம் பி.ஆர்.ஓ. எங்களுக்கு அவர் மேஸ்திரிதான். முன்பு கரும்பு வெட்டுக்கு ஆள் கட்டியவர், இப்போது வாய்க்கு ஆள் கட்டுகிறார். தலைக்கு முந்நூறு ரூபாய், மத்தியானம் தக்காளி சோற்றுப் பொட்டலம். சாயங்காலம் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவர்களுக்கு மட்டும் ஒரு முட்டை.

என் பெரியம்மா அந்தப் பேருந்தில் ஏறுவதற்குச் சொல்லும் பெயர் 'காலேஜு வேலை'. ஏழு வருஷ சர்வீஸ்.

வேலை சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. கோட் போட்ட சார் பக்கத்தில் வந்தால் வாயைத் திறக்க வேண்டும், நகர்ந்தால் மூட வேண்டும். எத்தனை நாளாக வருகிறாய் என்று கேட்டால் ஆறு மாசம் என்று சொல்ல வேண்டும். சாய்வு நாற்காலியின் பக்கத்துக் கிண்ணத்தில் தண்ணீர் வராது, எனவே துப்பக் கூடாது. ஒருமுறை புத்தம்புதிய பெயர்ப்பட்டை குத்திய ஒரு பேராசிரியர் பெரியம்மாவிடம் வந்து, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று சைகையில் கேட்டிருக்கிறார். அன்று காலைதான் விமானத்தில் வந்து இறங்கியவர் போலிருக்கிறது. பெரியம்மா நடந்து கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்தாள். அந்தக் கட்டடத்தில் நிரந்தரப் பணியாளர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் அவளைத்தான் சொல்ல வேண்டும்.

இது பல்லுக்கு மட்டும் வந்த நோய் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2025-இல் மத்தியப் புலனாய்வுத் துறை பதிவு செய்த ஒரு வழக்கில், நாட்டின் பல மருத்துவக் கல்லூரிகள் ஆய்வு நாளில் இல்லாத ஆசிரியர்களையும் பொய் நோயாளிகளையும் காட்டியதாகவும், ஆய்வு விவரங்கள் லஞ்சத்துக்கு முன்கூட்டியே கசிந்ததாகவும் குற்றம் சாட்டியது. செய்தியைப் படித்துக் காட்டியதும் பெரியம்மா கேட்டாள்: "அங்கெல்லாம் தலைக்கு எவ்வளவு தர்றாங்களாம்?"

பல் மருத்துவ மாணவர்களை நோயாளியைக் கவனிக்கும் அளவுக்குத் தயார் செய்வது எப்படி என்று ஊரூராகக் கருத்தரங்கு நடக்கிறது. மேடையில் குத்துவிளக்கு, பொன்னாடை, மத்தியானம் பிரியாணி. நான் யோசித்துப் பார்த்தேன். மாணவர்களைத் தயார் செய்வது செலவு பிடித்த வேலை. நல்ல ஆசிரியர் வேண்டும், ஓடுகிற கம்ப்ரஸர் வேண்டும், கொதிநீராவியில் கருவிகளைச் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவ் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக வெட்கம் கொஞ்சம் வேண்டும். இத்தனைக்கும் எங்கே போவது? அதைவிட நோயாளிகளைத் தயார் செய்துவிட்டால் மலிவு. எனவே 'நோயாளிக்கலைப் பட்டயம்' என்ற ஈராண்டுப் படிப்பை அரசுக்குப் பரிந்துரைக்கிறேன்.

நுழைவுத்தேர்வு கட்டாயம். முப்பத்திரண்டும் உறுதியாக இருப்பவர்கள் தகுதி இழப்பார்கள். அவர்களுக்காக நாமக்கல் பக்கம் பயிற்சி மையங்கள் வரும். ராத்திரி கடலை மிட்டாயைக் கடைவாயில் அதக்கிக்கொண்டு வாய் கொப்பளிக்காமல் தூங்கும் விடுதி, வாராவாரம் மாதிரித் தேர்வு. முதல் பருவத்தில் வாய் திறத்தல். கன்னம் இழுத்துக்கொள்ளாமல், எச்சில் விழுங்காமல், முக்கால் மணி நேரம். இரண்டாம் பருவம் முழுக்கக் காத்திருத்தல்; ஓபி சீட்டைக் கையில் பிடித்தபடி அட்டெண்டர் முகத்தையே பார்த்திருக்கும் கலை. மூன்றாம் பருவத்தில் ஒப்புதல் படிவம். இங்கிலீஷில் அச்சடித்த தாளில், எங்கே என்று காட்டிய இடத்தில், எதற்கு என்று கேட்காமல் கைநாட்டு வைக்கத் தெரிந்தவர் தேர்ச்சி.

இந்தப் படிப்பில் ஏழைகளுக்கு நூறு சதவீத இடஒதுக்கீடு. மற்ற எல்லா இடஒதுக்கீட்டையும் எதிர்த்து நீதிமன்றப் படி தேய நடந்தவர்கள் இதை எதிர்த்து மட்டும் ஒரு மனுவும் போட மாட்டார்கள். எனக்குத் தெரிந்து எந்தத் தாளாளரின் பேரனும் தாத்தா கல்லூரியில் மூன்றாம் வருஷ மாணவரிடம் பல் காட்டியதில்லை. அவன் சென்னைக்குப் போவான், ஏசி அறைக்கு.

*

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நாட்டில் 300-க்கும் மேல் பல் மருத்துவக் கல்லூரிகள். ஆண்டுக்கு 25,000-க்கும் மேல் பி.டி.எஸ். இடங்கள். பெரும்பாலானவை தனியார் கையில். சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக 1953-இல் தொடங்கியதுதான் நம் அரசு பல் மருத்துவக் கல்லூரி. புதுக்கோட்டையில் இன்னொன்று திறக்க 2023 ஆகிவிட்டது. இடையில் சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தோடு இருந்த ஒன்று அரசின் கைக்கு வந்தது. இந்த எழுபது வருஷ இடைவெளியில் நெடுஞ்சாலை ஓரங்களில் முளைத்தவைதான் மற்றவை. சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் நிலம் மலிவு. கட்டடம் கட்டலாம், நாற்காலி வாங்கலாம், வாசலில் சரஸ்வதி சிலை வைக்கலாம். பல்வலியோடு தினம் முந்நூறு பேர் நடந்துவர அங்கே மனிதர்கள் குடியிருக்க வேண்டுமே, அதை யாரும் யோசிக்கவில்லை. யோசித்தவர்கள் பேருந்து வாங்கினார்கள்.

சென்னை அரசு ஆஸ்பத்திரியில் மாணவருக்கு நோயாளி பஞ்சமில்லை. வரிசை வெளியே வரை நிற்கும். அங்கே படித்தவர்களுக்குக் கை பழகிவிடும். நெடுஞ்சாலைக் கல்லூரி மாணவனுக்கு நோயாளி என்பவர் தேடிப்பிடித்து, கெஞ்சி, பஸ்ஸுக்குக் காசு கொடுத்துக் கூட்டிவர வேண்டிய அரிய பொருள். அந்தப் பொருளுக்கு அங்கே பெயர் 'கேஸ்'.

முதல் வருஷம் மெழுகுக் கட்டியைச் செதுக்கிப் பல் செய்வார்கள். இரண்டாம் வருஷம் 'ஃபேண்டம் ஹெட்' என்று ஒரு பொம்மைத் தலை. உலோகத் தாடை, அதில் பிளாஸ்டிக் பற்கள். பொம்மைத் தலை உத்தமமான நோயாளி. எச்சில் ஊறாது, நாக்கு குறுக்கே வராது, ஊசியைப் பார்த்ததும் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடிக்காது. அதற்குச் சர்க்கரை வியாதி இல்லை, மகள் கல்யாணக் கடன் இல்லை, மூன்று மணி பஸ்ஸை விட்டால் அடுத்து ஆறரைக்குத்தான் என்ற கவலையும் இல்லை. இப்படி ஒரு வருஷம் பழகிவிட்டு மூன்றாம் வருஷத்தில் ஒரு திங்கட்கிழமை வெள்ளைக் கோட்டோடு உள்ளே வருகிறான் இருபது வயதுப் பையன். நாற்காலியில் என் பெரியம்மா. நடுவில் எதுவுமில்லை. சில நாடுகளில் மாணவர்கள் மரத்துப்போகும் ஊசியை முதலில் ஒருவருக்கொருவர் போட்டுப் பழகுகிறார்கள், அது எப்படி வலிக்கும் என்று தெரிந்துகொள்ளட்டும் என்று. நமக்கு எதற்கு அந்தச் சிரமம்? ரேஷன் கார்டு வைத்திருப்பவர்கள் இத்தனை கோடிப் பேர் இருக்கும்போது!

கேஸ் ஷீட்டில் முதல் வரி, என்ன தொந்தரவு என்பதை நோயாளியின் சொந்தச் சொற்களில் எழுத வேண்டும். பாடப்புத்தகமே அப்படித்தான் சொல்கிறது. எழுதியவர் நல்ல மனிதராக இருந்திருக்க வேண்டும். பெரியம்மா சொன்னது இது: "ராத்திரியானா காதோட சேத்து இழுக்குதும்மா. கஞ்சி கூட எறங்கல. லவங்கத்த வெச்சுப் பாத்தேன், உப்ப வெச்சுப் பாத்தேன். அந்த மனுசன் செத்தப்ப கூட நான் இப்படி அழுவல." எதிரில் இருந்த மாணவி எழுதியது: 'பெயின் இன் லோயர் லெஃப்ட் பேக் டூத் ரீஜன் சின்ஸ் ஒன் மந்த்.' வகுப்பில் நூறு பேர், நூறு கேஸ் ஷீட்டிலும் இதே வரி. இடது வலது மட்டும் மாறும், மேல் கீழ் மாறும். இரவு, கஞ்சி, லவங்கம், செத்துப்போன பெரியப்பா எல்லாம் அந்த வரிக்குள் நுழைய முடியாமல் வெளியே நிற்கின்றன. அதை வாங்கிப் பார்த்த சார் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அவருக்கு ஐந்து மணிக்கு டவுனில் சொந்த கிளினிக்.

*

அந்தப் பெண் கெட்டவள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடிப் பக்கம். அப்பா நிலத்தை விற்றுச் சேர்த்திருக்கிறார். அவள் கையில் ஒரு நோட்டு இருக்கும். கோட்டா நோட்டு. பிடுங்க வேண்டிய பல் இத்தனை, அடைக்க வேண்டிய சொத்தை இத்தனை, கறை எடுக்க வேண்டிய வாய் இத்தனை, செய்து மாட்ட வேண்டிய முழுப்பல் செட் இத்தனை. கணக்கு முடியாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. கேஸ் கிடைக்காமல் விடுதிக் குளியலறையில் போய் அழுவார்களாம். ஓபி சீட்டுக்கான தொகையையும் பெரியம்மாவின் பஸ் காசையும் அவளே கொடுத்தாள். ஆகவே இலவச சிகிச்சை என்று வாசல் பலகையில் எழுதியிருப்பதன் பொருள், தூத்துக்குடிப் பக்கத்தில் யாரோ நிலம் விற்றிருக்கிறார்கள் என்பதுதான்.

பெரியம்மாவின் அந்தப் பல்லுக்கு எண் 36. கீழ்த்தாடை, இடப்பக்கம், முதல் கடைவாய்ப்பல். பக்கத்துப் பல்லோடு ஒட்டும் சந்தில் சொத்தை. 'கிளாஸ் டூ' என்பார்கள். பார்த்ததும் மாணவியின் முகம் மலர்ந்ததாம். பக்கத்து நாற்காலிக்காரிகள் இரண்டு பேர் ஓடிவந்து எட்டிப் பார்த்திருக்கிறார்கள். பெரியம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அவளைப் பெண் பார்க்க வந்த நாளுக்குப் பிறகு அத்தனை பேர் ஆசையாக அவள் முகத்தைப் பார்த்தது அன்றுதான்.

"அம்மா, இந்தப் பல்லுல வேற யாரையும் கை வைக்க விட்டுராதீங்க. பரீட்சைக்கு எனக்கு வேணும்."

"எப்பம்மா பரீட்ச?"

"ரெண்டு மாசந்தான். அதுவரைக்கும் அந்தப் பக்கம் மெல்லாதீங்க."

செயல்முறைத் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் முன்னால் ஓர் உண்மையான சொத்தையைத் தோண்டி அடைத்துக் காட்ட வேண்டும். ரொம்பச் சின்னதாக இருந்தால் மதிப்பெண் வராது, ரொம்ப ஆழமாக இருந்தால் நரம்பில் பட்டு மானம் போகும். வாகான சொத்தை தங்கம் மாதிரி. ஆகவே கிடைத்த அன்றே அடைத்துவிடக் கூடாது, பத்திரப்படுத்த வேண்டும். அமெரிக்காவிலும் உரிமத் தேர்வுக்கு இப்படி நோயாளியோடு வரச் சொல்லும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இது தகாது என்று பல் மருத்துவர்களே பல ஆண்டுகள் சொல்லிப் பார்த்தார்கள். 2020-இல் கொரோனா வந்த பிறகுதான் பல மாநிலங்கள் பொம்மைப் பல்லுக்கு மாறின. நியாயம் பேசியவர்களால் முடியாததை ஒரு கிருமி முடித்து வைத்தது.

சுவீடனில் லுண்ட் நகரத்துக்குப் பக்கத்தில் விபெஹோல்ம் என்று ஒரு மனநலக் காப்பகம். 1940-களில் அங்கே அறிவுவளர்ச்சி குன்றியவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் மிட்டாயாகக் கொடுத்துக் கொடுத்துச் சொத்தை விழ வைத்துச் சோதித்தார்கள். இனிப்புக்கும் சொத்தைக்கும் உள்ள உறவு உலகத்துக்குத் தெளிவானது. அந்த நோயாளிகளின் பல் போனது. பின்னாளில் சுவீடன் அதை நினைத்து வெட்கப்பட்டது. அவர்கள் சொத்தையை உண்டாக்கினார்கள். நாம் அப்படியெல்லாம் செய்வதில்லை, தானாக விழுந்ததைத் தேர்வு அட்டவணை வரும்வரை வளர்க்கிறோம். வெட்கமும் அட்டவணையில் ஏதோ ஒரு தேதியில் இருக்கலாம்.

தேர்வு தள்ளிப்போனது. பல்கலைக்கழகத்துக்கு அவர்கள் அவசரம், சொத்தைக்கு அதன் அவசரம். ஐந்தாம் மாதம் பெரியம்மாவின் கன்னம் பன்னாக வீங்கியது. மாணவி வாயைத் திறந்து பார்த்துவிட்டு அழுதுவிட்டாள். சொத்தை நரம்பு வரை போயிருந்தது, இனிமேல் அது கிளாஸ் டூ இல்லை. பெரியம்மா அவளைத் தேற்றினாள்: "வுடும்மா, எதுத்த வூட்டுக்காரிக்கு ஒண்ணு இருக்குது, கூட்டியாறேன்."

அந்தப் பல்லின் வாழ்க்கை அத்தோடு முடிந்துவிடவில்லை. பல் அடைக்கும் துறைக்கு உதவாமல் போனதும் பிடுங்கும் துறையில் அதற்கு மவுசு வந்தது. கணக்கில் ஒரு கடைவாய்ப்பல் குறைந்த பையன் ஒருவன் இருந்தான். முக்கால் மணி நேரம் போராடி எடுத்தான். வேர் ஒன்று முறிந்தது. முறிந்ததை எடுக்க ஸ்டாஃப் வர வேண்டும், அவர் மீட்டிங்கில் இருந்தார். எடுத்த பல் குப்பைக்குப் போகவில்லை. ஜூனியர்கள் தோண்டிப் பழகுவதற்காகக் கண்ணாடி ஜாடியில் சேர்ந்தது. பல் போன இடம் காலியாயிற்று அல்லவா? கழற்றி மாட்டும் பல் செய்ய வேண்டிய இன்னொரு மாணவி அந்த ஓட்டையைத் தேடி வந்து அளவு எடுத்தாள். ஆக ஒரு சொத்தைப் பல் ஒருத்திக்குக் கண்ணீர், ஒருவனுக்குக் கையெழுத்து, இரண்டாம் வருஷத்துக்குப் பாடம், நான்காமவளுக்கு கேஸ் என்று நாலு பேருக்குப் படியளந்தது. இதில் பல்லுக்குச் சொந்தக்காரிக்குச் சேர வேண்டியது என்ன என்று எந்த நோட்டிலும் ஒரு கட்டம் கிடையாது. ஆரம்பத்தில் அரை மணி நேரத்தில் அடைத்து அனுப்பியிருக்கக்கூடிய பல் அது.

*

இதெல்லாம் ஒரு பல்தானே என்று சிரித்துவிட்டுப் போகலாம். நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதினேன், இந்த இடம் வரைக்கும்.

2022 ஜூலைக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையில், வட தமிழகத்திலும் அதை ஒட்டிய ஆந்திரப் பகுதியிலும் 21 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் வந்தது. மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்கிற ஒரு பாக்டீரியாவால் வரும் நோய் அது. அவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள். அந்தப் பத்தில் 8 பேர் செத்துப்போனார்கள். பல்வலி என்று போனவர்கள். 2025-இல் லான்செட் குழும இதழில் வெளிவந்த ஆய்வு காரணத்தைக் காட்டியது. வாய் கழுவும் உப்புநீர் பாட்டிலைக் கிருமி நீக்காத பெரியாஸ்டியல் எலிவேட்டரால், அதாவது ஈறை எலும்பிலிருந்து பிரிக்கும் கருவியால், குத்தித் திறந்திருக்கிறார்கள். மிச்சத்தை ஒப்புக்கு மூடி வைத்து அடுத்தடுத்த ஆளுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஒரு பாட்டில் சலைன் என்ன விலை? டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. எட்டு உயிர்.

எத்தனை பல் பிடுங்கினாய் என்று கேட்க நோட்டு இருக்கிறது. பாட்டிலை எதால் திறந்தாய் என்று கேட்கும் நோட்டு எங்கே? இரண்டு நோயாளிக்கு நடுவே கருவி ஆட்டோகிளேவுக்குப் போனதா, மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்தாயா, அல்லது குழாயில் அலசித் துடைத்தாயா? 121 டிகிரியில் பதினைந்து நிமிஷம் என்று வாய்மொழித் தேர்வில் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கத் தெரிகிறது. ஒப்பித்துவிட்டு வெளியே வந்தால் ஒரே செட் கருவி, அதுவும் மாணவனே காசு போட்டு வாங்கியது, வெளியே நாலு பேர், பஸ்ஸுக்கு நேரமாகிறது, கணக்கில் இரண்டு குறைகிறது. அவசரத்தில் எதை விடுவது என்பதைத்தான் நாம் அவனுக்கு வருஷக்கணக்கில், கட்டணம் வாங்கிக்கொண்டு, செய்முறையாகக் கற்றுக்கொடுக்கிறோம். நாளைக்கு அவனே ஒரு சின்ன ஊரில் கடை திறந்து பலகை மாட்டுவான். யாருடைய அம்மாவோ சேலைத் தலைப்பால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு படியேறுவாள்.

சட்டம் இல்லை என்று யாரும் குறைசொல்ல முடியாது. 1948-இல் ஒரு பல் மருத்துவர் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2023-இல் நாடாளுமன்றம் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. கடைசி வருஷ மாணவர் எல்லோருக்கும் நாடு தழுவிய வெளியேறும் தேர்வு ஒன்றும் அதில் இருக்கிறது. பல் மருத்துவக் கவுன்சில் போய் ஆணையம். நல்லது. மேஸ்திரிக்கும் இதைச் சொன்னேன். பேர் மாறினாலும் பேருந்து இதே நேரத்துக்குத்தானே என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

*

போன மாதம் பேருந்து மறுபடி வந்தது. வேப்பமரத்தடியில் வரிசை. பக்கத்து வீட்டு ஆயா கையில் ஒரு மஞ்சப்பை. ஆயாவுக்கு வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. முழுப்பல் செட் செய்ய வேண்டிய மாணவர்களுக்கு அவள் தெய்வம். மூன்று வருஷத்தில் மூன்று பேர் மூன்று செட் செய்து கொடுத்திருக்கிறார்கள். ஒன்று போட்டால் வாய் மூடாது, ஒன்று பேசினால் கழன்று விழும், மூன்றாவது ஈறை அறுக்கும். கையெழுத்து வாங்கிய பிறகு சரி பார்த்துக் கொடுக்க யாருக்கு நேரம்? மூன்றும் பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் விளையாடுவார்கள்.

ஆயா பையைத் திறந்து காட்டி மேஸ்திரியிடம் கேட்டாள்: "மூணும் எடுத்தாந்துட்டேன்பா. எத மாட்டிக்கினு குந்தணும்?"

"அய்யோ ஆயா, அதெல்லாம் வூட்ல வெச்சுட்டு வா. பல்லு இல்லாம வந்தாத்தான் கணக்குல சேக்க முடியும்."

ஆயா திரும்பிப் போய் டப்பாவைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்து ஏறினாள். பெரியம்மா ஜன்னல் ஓரம் இடம் பிடித்திருந்தாள். இந்த வயதில் இது தேவையா, வலிக்க வலிக்க எதற்குப் போகிறாய் என்று வெளியே நின்று சத்தம் போட்டேன். அவள் நாக்கால் உள்ளே ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். முறிந்த வேர் கிடக்கும் இடத்தில் மட்டும் ஒரு நொடி முகம் சுருங்கியது. பேருந்து நகர்ந்தது.

"இன்னும் இருவத்தி மூணு கீதுடா," என்றாள்.